களஞ்சியத்தில் இல்லாத மூன்று சில்லுகள்

இராசமணி 1969ஆம் ஆண்டு கம்பளைக்கு வந்தபோது அவளுக்கு வயது இருபத்துநான்கு. ஊர் உரும்பிராய். கல்யாணமாகி எட்டு மாதம். கணவர் தேவராசா கம்பளை ரயில் நிலையத்தில் கிளாக்கர். அவளுக்கு வேலை கிடைத்தது, ஊருக்குச் சற்று வெளியே மகாவலிக் கரையோரம் இருந்த அரசாங்க உழவு இயந்திர டிப்போவில். களஞ்சியக் காப்பாளர் என்று நியமனக் கடிதம் சொன்னது. ஸ்டோர் கீப்பர் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். அதுவரை அந்தக் கதிரையில் ஒரு பெண் உட்கார்ந்ததில்லை.

முதல் நாள் பொறுப்பதிகாரி அவளை மேலும் கீழும் பார்த்தார். "இங்கே எல்லாம் கிரீசும் இரும்பும்தான், நோனா. சேலை பழுதாகிவிடும்" என்று சிங்களத்தில் சொன்னார். நோனா என்றால் அம்மணி.

"தோய்த்தால் போய்விடும், சேர்" என்று அவளும் சிங்களத்திலேயே சொன்னாள். அரசாங்கம் வைத்த சிங்களச் சோதனையை முதல் தடவையிலேயே பாஸ் பண்ணியவள் அவள்.

களஞ்சியம் ஒரு நீளமான தகரக் கொட்டகை. அவளுக்கு முன்னிருந்தவர் சாராயத்தில் மூழ்கிய மனிதர். எந்தச் சாமான் எதற்குரியது என்று தெரியாமல் எல்லாம் கலந்து கிடந்தன. இராசமணி ஒரு வருஷம் எடுத்தாள். ஒவ்வொன்றையும் மண்ணெண்ணெயில் கழுவி, வார்ப்பில் பொறித்திருந்த இலக்கத்தைத் தேடி, அந்தந்த இயந்திரத்தோடு வந்த புத்தகத்தில் படத்தைப் பார்த்து, தட்டுத் தட்டாக அடுக்கினாள். ஒவ்வொரு சாமானுக்கும் ஓர் அட்டை எழுதித் தொங்கவிட்டாள். விரல் நகத்துக்குள் போன கறுப்பு எலுமிச்சங்காய் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. தேவராசா அதைப் பார்த்துச் சிரிப்பார். பிள்ளை இல்லாத வீட்டில் பேச அதுவும் ஒரு விஷயமாக இருந்தது.

அந்த வருஷம்தான் கடைசித் தட்டின் அடியில் ஒரு மரப்பெட்டியைக் கண்டெடுத்தாள். உள்ளே கிரீஸ் பூசிய கடதாசியில் சுற்றியபடி மூன்று இரும்புச் சில்லுகள், சக்கரங்கள். வெள்ளைக்காரன் காலத்தில் கப்பலில் வந்தவை, ஒரு நாளும் மண் தொடாதவை. இலக்கத்தைப் புத்தகத்தில் தேடிப் பிடித்தபோது, அவை டிப்போ முற்றத்தில் மாரா மரத்தின் கீழ்க் கிடந்த பழைய கலப்பைக்குரியவை என்று தெரிந்தது.

அந்தக் கலப்பை இப்போதையவற்றைப் போல உழவு இயந்திரத்தின் முதுகில் தொங்குவது கிடையாது. பின்னால் இழுபட்டு, தன் சொந்தச் சில்லுகளில் ஓடி வருவது. மூன்று சில்லும் மூன்று விதம். இடப்பக்கத்தது உழாத நிலத்தில் ஓடும். வழுக்காமலிருக்க விளிம்பைச் சுற்றிப் பல் இருக்கும். அதன் குடத்துக்குள்தான் கலப்பையைத் தூக்கும் பொறி. ஓட்டுகிறவர் கயிற்றை இழுத்தால் பொறி சில்லைக் கவ்விக்கொள்ளும். சில்லு சுழலச் சுழலக் கொழுக்கள் மண்ணைவிட்டு மேலே எழும். வலப்பக்கத்தது உழுத சாலுக்குள் ஓடும். பின்னாலிருக்கும் சின்னச் சில்லு சரிந்து நின்று சால் சுவரில் அண்டிக்கொண்டு வரும். முற்றத்தில் கிடந்த கலப்பையில் இவற்றில் ஒன்றும் இல்லை. யாரோ எப்போதோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். டிப்போ அலுவலகமான கந்தோரின் பதிவில் மட்டும் அது 'சில்லுகளுடன் கலப்பை ஒன்று' என்றே இருந்தது.

இராசமணி பொறுப்பதிகாரியிடம் போய்ச் சொன்னாள். "அந்தக் கிழட்டுக் கலப்பை யாருக்கு வேண்டும்?" என்றார் அவர். அவள் மூன்று சில்லுகளையும் களஞ்சியப் புத்தகத்தில் எழுதி, கடைசித் தட்டிலேயே திரும்ப வைத்தாள்.

எழுபத்தேழாம் ஆண்டு, தமிழருக்கு எதிரான கலவரத்தில் அவர்களுடைய வாடகை வீட்டு யன்னல்களை உடைத்தார்கள். ஐந்து நாள் நாவலப்பிட்டியில் ஒரு பாதிரியார் வீட்டில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தார்கள். தேவராசா யாழ்ப்பாணத்துக்கு மாற்றம் கேட்போம் என்றார். "அங்கை என்னட்டை என்ன களஞ்சியம் இருக்கு?" என்று அவள் மறுத்துவிட்டாள்.

எண்பத்திரண்டில் டிப்போவுக்குப் பக்கத்துப் புல்தரவையில் ஒரு பெரிய விவசாயக் கண்காட்சி நடத்த ஏற்பாடானது. கொழும்பிலிருந்து பெரிய இடத்து ஆள் வருகிறார், அவருக்கு முன்னால் பழைய கலப்பையும் புதிய கலப்பையும் பக்கத்துப் பக்கத்தில் உழுது காட்டவேண்டும். டிப்போவுக்குப் புதிதாக வந்திருந்த எஞ்சினியர் எக்கநாயக்கவின் யோசனை அது. மாரா மரத்தடிக் கலப்பையை ஒரு கிழமைக்குள் ஓட வைக்கும்படி மஹ்மூத் பாஸிடம் சொன்னார்.

மஹ்மூத் பாஸ் அந்த டிப்போவின் தலைமை ஃபிட்டர். கைவேலை தெரிந்தவரை அங்கே பாஸ் என்பார்கள். கம்பளை ஆள், இராசமணியைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். எஞ்சின் சத்தத்தைக் காதால் கேட்டே கோளாறு சொல்லக்கூடியவர். ஆனால் அந்தக் கலப்பை ஓடியதை அவரும் கண்டதில்லை. பழைய இரும்புக் குவியலில் தேடி, விதை போடும் மெசின் ஒன்றிலிருந்து இரண்டு சில்லும், தண்ணீர் வண்டில் ஒன்றிலிருந்து ஒரு சின்னச் சில்லும் எடுத்துப் பூட்டினார். கலப்பை நின்றது. ஆனால் தரவையில் இறக்கி இழுத்துப் பார்த்தபோது ஒரு பக்கம் சாய்ந்தது. ஒரு கொழு முழங்கால் ஆழம் புதைந்தது, மற்றது புல்லைச் சுரண்டியது. கயிற்றை இழுக்க இழுக்க ஒன்றும் எழவில்லை. எக்கநாயக்க எல்லோர் முன்னாலும் மஹ்மூத்தைப் பார்த்துக் கத்தினார்.

இராசமணி களஞ்சிய வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கிட்டப் போய், "சேர், சில்லு பிழை" என்றாள்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மஹ்மூத் சிரிக்கவில்லை. "எப்பிடிச் சொல்றீங்க, மிஸி?"

"சரியான சில்லு என்னட்டைக் கிடக்கு, பாஸ். பதின்மூண்டு வருசமாக் கிடக்கு."

எக்கநாயக்கவுக்கு அவசரம். இப்போதே எடுத்துக் கொடுக்கச் சொன்னார். கையெழுத்திட்ட படிவம் இல்லாமல் களஞ்சியத்திலிருந்து ஓர் ஆணிகூட வெளியே போகக்கூடாது என்பது சட்டம். அவள் படிவத்தை நீட்டினாள். "அதைப் பிறகு பார்ப்போம், முதலில் சில்லைக் கொடுங்கள்" என்றார். அவள் தயங்கினாள், கொடுத்தாள். அட்டையில் மட்டும் பென்சிலால் எழுதி வைத்தாள்: எஞ்சினியர் வாய்மொழி, கலப்பைக்கு, மூன்று.

பின்னேரம் முழுக்க அவள் ஒரு கவிழ்த்த பெட்டியில் உட்கார்ந்து புத்தகத்தைப் பார்த்து வாசித்தாள். மஹ்மூத் நிலத்தில் படுத்துப் பூட்டினார். முதலில் தூக்கும் பொறியின் நாக்கு, பிறகு வில், பிறகு பல் வைத்த சில்லு, அதற்கு மேல் வளையம், கடையாணி. பின் சில்லை அவர் நிமிர்த்திப் பூட்டப் போனார்.

"சரிச்சுப் பூட்டுங்கோ, பாஸ்."

"இதென்ன மிஸி, கோணலால்லவா ஈக்கிது."

"கோணலாத்தான் இருக்கவேணும். படத்தைப் பாருங்கோ."

அவர் எழும்பி வந்து படத்தைப் பார்த்தார். கையைத் துடைத்துக்கொண்டு போய்ச் சரித்துப் பூட்டினார்.

அடுத்த நாள் அந்தக் கலப்பை நூல் பிடித்தாற்போல் ஓடியது. இரண்டு சாலும் ஒரே ஆழம். கயிற்றை ஒரு தரம் சுண்ட, கொழுக்கள் பளிச்சென்று மேலே வந்தன. கண்காட்சியில் பெரியவர் கை தட்டினார். எக்கநாயக்கவின் தோளில் தட்டினார். பத்திரிகையில் படம் வந்தது. பிறகு கலப்பைக்குச் சிவப்பு மை அடித்து, டிப்போ வாசலில் சீமெந்து மேடை கட்டி ஏற்றி வைத்தார்கள். கழற்றிய பிழைச் சில்லுகள் மூன்றும் முற்றத்தில் கிடந்தன. "இந்தக் குப்பையை என் கண்ணில் படாமல் எங்காவது கொண்டுபோங்கள்" என்றார் எக்கநாயக்க. மஹ்மூத் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்.

இராசமணி படிவத்தை இரண்டு தரம் எஞ்சினியரின் மேசையில் வைத்தாள். மூன்றாம் தரம் வைக்கப் போனபோது அவர் மேற்படிப்புக்கு வெளிநாடு போய்விட்டார். திரும்பி வந்ததும் கொழும்பில் பெரிய பதவி.

அடுத்த வருஷம் ஆடி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. கண்டிப் பக்கம் புகை தெரிகிறது என்று பஸ்ஸில் வந்தவர்கள் சொன்னார்கள். பகல் ஒரு மணிபோல் மஹ்மூத் களஞ்சியத்துக்குள் வந்தார்.

"மிஸி, கதவப் பூட்டுங்க. வாங்க. ஒன்டும் கேக்க வேணாம்."

அவள் மூன்று பூட்டையும் பூட்டித் திறப்புக் கோர்வையைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். பதினான்கு வருஷத்துப் பழக்கம். அவள் யோசித்துச் செய்தது கிடையாது. மஹ்மூத் உழவு இயந்திரத்தின் பின் பெட்டிக்குள் அவளைப் படுக்கச் சொல்லி, படங்குத் துணியால் மூடி, மேலே வைக்கோலைப் போட்டுத் தானே ஓட்டிக்கொண்டு போனார். வழியில் இரண்டு இடத்தில் மறித்தார்கள். அவர் பேசிய சிங்களம் படங்குக்குள் கேட்டது. குரல் நடுங்கவில்லை.

அவருடைய வீட்டின் பின்னால் விறகு அறை. தேவராசாவை மஹ்மூத்தின் தம்பி சாரமும் தொப்பியும் போட்டு ரயில் நிலையத்திலிருந்து அழைத்து வந்திருந்தான். பொழுது சாய முன் கும்பல் அந்தத் தெருவுக்கும் வந்தது. உள்ளே தமிழர் இருக்கிறார்களாமே என்று கேட்டார்கள். மஹ்மூத் வாசலில் நின்று, தன் பெண்சாதியும் மகளும் தவிர வேறு யாருமில்லை என்றார். நம்பாதவன் ஒருவன் இரும்புக் கம்பியால் அவருடைய தோளில் அடித்தான். அவர் வாசலை விட்டு விலகவில்லை. தோள் எலும்பு முறிந்தது. அதற்குப் பிறகு அந்தத் தோள் மற்றதைவிடத் தாழ்ந்தே நின்றது.

மூன்று நாள் அந்த அறைக்குள் இருந்தார்கள். மஹ்மூத்தின் மனைவி பஸீஹா சோறு கொண்டுவந்து தருவாள். மகள் சித்தி றலியா, இருபது வயது, படித்துவிட்டு ஆசிரியர் நியமனத்துக்குக் காத்திருந்தவள், தன் உடுப்புகளில் இரண்டைக் கொடுத்தாள். மஹ்மூத் கட்டுப் போட்ட கையோடு வந்து, "தங்கச்சி, பயப்பட வேணாம். அல்லாட காவல்" என்பார். மிஸி என்று கூப்பிட்டவர் அன்றையிலிருந்து தங்கச்சி என்றார். அவர்களுடைய வாடகை வீடு எரிந்த செய்தியும் அங்கேதான் வந்தது.

மூன்றாம் நாள் காலை, பலகை இடுக்கால் வெளியே பார்த்தபோது முற்றத்தில் ஒரு கைவண்டில் நின்றது. தண்ணீர் பீப்பாய் இழுக்கிற வண்டில். அதன் இரண்டு சில்லும் விதை மெசின் சில்லுகள். கலப்பையிலிருந்து கழற்றிய அதே பிழைச் சில்லுகள். இராசமணிக்கு ஆரக்கால் எண்ணிக்கையைப் பார்த்தாலே போதும். சின்னச் சில்லு கிணற்றடியில் சாத்தியிருந்தது.

"இஞ்சை பாருங்கோ" என்று தேவராசாவுக்குக் காட்டினாள்.

"உயிர் போற நேரத்திலையும் உனக்குச் சில்லு" என்றார் அவர். ஆனால் பார்த்தார்.

நாலாம் நாள் பொலிஸ் காவலோடு அகதி முகாமுக்குப் போனார்கள், அங்கிருந்து யாழ்ப்பாணம். ஊருக்குப் போன மறுநாளே அவள் திறப்புக் கோர்வையைப் பதிவுத் தபாலில் டிப்போவுக்கு அனுப்பினாள். அது போய்ச் சேரமுன்பே கந்தோர்க்காரர்கள் களஞ்சியப் பூட்டுகளை உடைத்துவிட்டார்கள். ஏதோ ஒரு பெல்ட் அவசரமாகத் தேவைப்பட்டதாம். உடைத்த கதவு இரண்டு கிழமை சும்மா கிடந்தது. வந்தவன் போனவன் எல்லாம் அள்ளிக்கொண்டு போனான். அட்டைகள் நிலத்தில் மிதிபட்டுக் கிடந்து, கூட்டி எரிக்கப்பட்டன. பென்சிலால் எழுதி வைத்த அட்டையும் அவற்றோடு போனது.

ஆறு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. உடனே வேலைக்குத் திரும்பாவிட்டால் பதவியை விட்டதாகக் கருதப்படும். தேவராசாவுக்கு யாழ்ப்பாண நிலையத்துக்கு மாற்றம் கிடைத்திருந்தது, தாயார் படுக்கையில். இராசமணி தனியே வந்தாள். வந்த இரண்டாம் நாள் கையில் குற்றப்பத்திரம் கொடுத்தார்கள்.

சிங்களத்தில் மூன்று பக்கம். காணாமற்போன சாமான்களில் அநேகமானவற்றைக் கலவரத்தில் களவு போனதாக எழுதித் தள்ளிவிட்டார்கள். ஆனால் மூன்று இரும்புச் சில்லுகள், ஒவ்வொன்றும் ஒரு ஆள் பாரம், ஒருவருக்கும் பிரயோசனமில்லாதவை. இவற்றைக் கொள்ளைக்காரர் தூக்கிப் போயிருக்க முடியாது. ஆகவே கலவரத்துக்கு முன்பே அவை களஞ்சியத்தில் இருக்கவில்லை. பொறுப்பாளர் பதில் சொல்லவேண்டும்.

வாசித்து முடித்தபோது இராசமணிக்குச் சிரிப்பு வந்தது. அந்த மூன்று சில்லும் வாசலில், சீமெந்து மேடையில், சிவப்பு மையோடு நிற்கின்றன. குற்றப்பத்திரம் கொண்டுவந்தவரே அவற்றைத் தாண்டித்தான் வந்திருப்பார்.

விசாரணைக்கு மூன்று அதிகாரிகள் வந்தார்கள். எக்கநாயக்க கொழும்பிலிருந்து ஒரு வரிக் கடிதம் அனுப்பியிருந்தார்: படிவமில்லாமல் எதையும் கொடுக்கும்படி தான் ஒருபோதும் சொன்னதில்லை. இராசமணி அதிகாரிகளை வாசலுக்கு அழைத்துப் போனாள். தலையிலிருந்த கொண்டை ஊசியைக் கழற்றி, இடப்பக்கச் சில்லின் குடத்தில் மையைச் சுரண்டினாள். வார்ப்பு இலக்கம் தெரிந்தது. அடுத்ததிலும் சுரண்டினாள். பின் சில்லுக்கு முழந்தாளிட்டுச் சுரண்டினாள். புத்தகத்தை விரித்து மூன்று இலக்கத்தையும் காட்டினாள்.

நடுவிலிருந்த அதிகாரி பொறுமையாகக் கேட்டார். நல்ல மனிதர்போல்தான் தெரிந்தார். "நோனா, இது கலப்பை. கலப்பையின் சில்லில் கலப்பையின் இலக்கம்தானே இருக்கும்? பதிவில் 'சில்லுகளுடன் கலப்பை' என்று இருக்கிறது. சில்லுகளுடன் நிற்கிறது. அது சரி. களஞ்சியத்தில் வேறாக மூன்று சில்லு இருந்ததே, அது எங்கே?"

"அதுதான் இது, சேர். முன்பு இதில் பூட்டியிருந்தது வேறு சில்லு. பிழையான சில்லு. அதைக் கழற்றிவிட்டுத்தான் இதைப் பூட்டினோம்."

"அப்படியானால் கழற்றிய சில்லு எங்கே? அதைக் காட்டுங்கள். விசாரணையை இப்போதே முடித்துவிடலாம்."

சாட்சியாக மஹ்மூத் பக்கத்தில் நின்றார். தாழ்ந்த தோளோடு நின்றார். அதிகாரி அவரிடம் திரும்பி, இந்த நோனா சொல்வதுபோல் நடந்ததா என்று கேட்டார். மஹ்மூத் கலப்பையைப் பார்த்தார், நிலத்தைப் பார்த்தார். அரசாங்கச் சாமானை வீட்டுக்குக் கொண்டுபோய் வண்டில் செய்தவர் என்று தெரிந்தால் வேலை போகும். றலியாவின் நியமனத்துக்கு விசாரித்துப் போக அந்த மாதம்தான் ஆள் வந்திருந்தது. இதெல்லாம் இராசமணிக்கு அப்போதே தெரியும்.

"எனக்கு ஞாபகமில்லை, மஹத்தயா" என்றார் சிங்களத்தில். "நிறைய வேலை செய்தோம் அந்தக் கிழமை. தேவராசா நோனா சொன்னால் சரியாக இருக்கலாம். எனக்கு ஞாபகமில்லை."

தங்கச்சி போய் நோனா வந்திருந்தது.

அதிகாரி மறுபடி அவளிடம் திரும்பினார். "கழற்றிய சில்லு எங்கே, நோனா?"

ஒரு வாக்கியம் போதும். இங்கிருந்து இரண்டு மைல், மஹ்மூத் வீட்டு முற்றத்தில் நிற்கிறது என்று சொன்னால் ஜீப் போய்ப் பத்து நிமிஷத்தில் கொண்டுவந்துவிடும். அவளுடைய நாக்கு நுனிவரை வந்தது. பலகை இடுக்கும், வாசலில் கேட்ட அடிச் சத்தமும் ஞாபகத்துக்கு வந்தன.

"தெரியாது, சேர்" என்றாள்.

தீர்ப்பு ஒரு மாதத்தில் வந்தது. பாரதூரமான கண்டனம். பதவியுயர்வு இல்லை. இனி எக்காலத்திலும் களஞ்சியப் பொறுப்பு வகிக்கத் தகுதியற்றவர். அதே டிப்போவில் தட்டெழுத்து மேசைக்கு மாற்றினார்கள். மாற்றம் கேட்டு எழுதினாள். கண்டனம் பெற்றவருக்கு மாற்றம் கிடையாது என்றார்கள். வேலையை விட்டுவிட்டு வா என்று தேவராசா எழுதினார். விட்டுப்போனால் எடுத்தவள் அவள்தான் என்று ஆகிவிடும். அவள் போகவில்லை.

லீவில் ஊருக்குப் போனபோது அவர் நேரிலேயே கேட்டார். "ஏன் சொல்லேல்லை? நானும் கண்ணாலை கண்டனான் தானே?"

"உயிரைக் காப்பாத்தின மனிசனைக் காட்டிக் குடுக்கச் சொல்லுறியளோ?"

"உயிரைக் காப்பாத்தினது ஒண்டு. உன்ரை பேரைக் கெடுத்தது வேறை ஒண்டு. ஒண்டுக்கு ஒண்டு ஈடில்லை. ஒருநாளைக்கு அந்தாள் தன்ரை வாயாலை சொல்லவேணும். அதைக் கேக்கமட்டும் எனக்கு நிம்மதி இல்லை."

களஞ்சியத்துக்கு ஒரு புதுப் பொடியனைப் போட்டார்கள். அவனுக்கு ஒன்றும் தெரியாது. கிழமைக்கு நாலு தரம் கதவால் தலையை நீட்டி, "நோனா, நாலு சிலிண்டர் எஞ்சினுக்கு எந்த வளையம்?" என்பான். இராசமணி தட்டெழுத்திலிருந்து கண்ணை எடுக்காமல் இலக்கத்தைச் சொல்வாள். எந்தத் தட்டு, எத்தனையாவது பெட்டி என்பதையும் சொல்வாள். தகுதியற்றவள் சொன்ன இலக்கத்தில்தான் அந்த டிப்போ ஓடியது.

மஹ்மூத் ஃபோர்மன் ஆனார். றலியாவுக்குப் புசல்லாவையில் பள்ளிக்கூடம் கிடைத்தது. பெருநாளுக்குப் பெருநாள் பஸீஹா வட்டிலப்பம் கொடுத்தனுப்புவாள். இராசமணி வாங்கி, நன்றி சொல்லி, கந்தோர் கூட்டுகிற பெண்ணுக்குக் கொடுத்துவிடுவாள். மஹ்மூத்தோடு ஒரு நாளும் முகம் திருப்பியதில்லை. வெறுத்தால்கூடக் கொஞ்சம் ஆறியிருக்கும். அவருடைய தோளைக் கண்டால் வெறுக்க வராது. தீர்ப்பை நினைத்தால் அவருக்கு நல்லது நினைக்கவும் வராது. ஒரே கந்தோரில் தினமும் எதிர்ப்பட்டுக்கொண்டு ஆறு வருஷம் இப்படிப் போனது.

தொண்ணூறாம் ஆண்டு, யாழ்ப்பாணத்திலிருந்த முஸ்லிம்களை, ஆயுதமேந்திய தமிழ் இயக்கம் இரண்டு மணி நேரத்துக்குள் வெளியேறச் சொல்லித் துரத்தியது. பஸீஹாவின் தங்கை ஹபீலா அங்கேதான் வாழ்க்கைப்பட்டிருந்தாள். ஐந்து பிள்ளைகளோடும் ஒரு சொப்பிங் பையோடும் கம்பளைக்கு வந்து சேர்ந்தாள். கேள்விப்பட்டதும் இராசமணி நாலு சேலையும் பிள்ளைகளுக்கு உடுப்பும் எடுத்துக்கொண்டு மஹ்மூத் வீட்டுக்குப் போனாள். எண்பத்துமூன்றுக்குப் பிறகு அந்த வாசற்படி மிதித்தது அன்றுதான்.

ஹபீலா அவளுடைய நெற்றிப் பொட்டைப் பார்த்தாள். எழும்பி உள்ளே போனாள். பஸீஹா சேலைகளை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு தலை குனிந்திருந்தாள். மஹ்மூத் கதிரையில் உட்கார்ந்திருந்தார்.

"உங்கட ஆக்கள் செஞ்ச வேலயப் பாத்தீங்களா, தங்கச்சி?" என்றார். "தாலிக்கொடியையும் காதுல கெடந்ததையும் கழட்டி எடுத்துட்டுத்தான் விட்டீக்கிறாங்க."

"என்னைக் கேட்டே செய்தவை, பாஸ்?"

"உங்களக் கேட்டு செய்யல்ல. அன்டைக்கு உங்கட ஊட்டுக்கு நெருப்பு வெச்சவனும் என்னக் கேட்டு வெக்கல்ல. ஆனா நான் கதவத் தொறந்த. அங்க எங்கட ஆக்களுக்கு ஒத்தராவது கதவத் தொறந்தாங்களா?"

இராசமணி அமைதியாகச் சொன்னாள்.

"ஓம், பாஸ். நீங்கள் கதவைத் திறந்தனீங்கள். அதாலைதான் நான் வாயைத் திறக்கேல்லை. உங்கடை தண்ணி வண்டிலை அண்டைக்கே கண்டனான்."

அவளுக்குத் தெரியும் என்று மஹ்மூத் அதுவரை நினைத்திருக்கவில்லை. தன் பொய்யை அவள் மறதி என்று நம்பியதாகவே ஆறு வருஷமும் வைத்துக்கொண்டிருந்தார். பஸீஹா நிமிர்ந்து கணவனைப் பார்த்தாள்; பிறகு எழும்பித் தங்கை போன பக்கம் போய்விட்டாள். இராசமணி செருப்பை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள். சொன்னால் மனம் லேசாகும் என்று நினைத்திருந்தாள். ஆகவில்லை. அகதியாக வந்த வீட்டில் போய்ச் சொன்னேனே என்ற கசப்பும் சேர்ந்துகொண்டது.

மஹ்மூத் அடுத்த வருஷமே ஓய்வு எடுத்தார். அதற்கு முன்னும் கந்தோரில் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை.

தொண்ணூற்றைந்தில் யாழ்ப்பாணம் முழுக்க ஒரே நாளில் இடம்பெயர்ந்தது. தேவராசா படுக்கையிலிருந்த தாயைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு சாவகச்சேரிக்குப் போனார். ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் இருந்தார்கள். அங்கே காய்ச்சல் கண்டு, ஏழு நாளில் அவர் போய்விட்டார். கிழவி பிழைத்துக் கிடந்தாள். செய்தி இராசமணிக்கு வந்தது நாற்பத்தொரு நாள் கழித்து, செஞ்சிலுவைச் சங்கக் கடிதத்தில். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் முடிந்திருந்தது.

கம்பளையில் புடவைக்கடை ஒன்றின் மேல்மாடி அறையில் அவள் இருந்தாள். மஹ்மூத் மகள் றலியாவோடு துக்கம் கேட்க வந்தார். படியேறியதில் மூச்சு வாங்கியது. கதிரையில் உட்கார்ந்து மகள் பக்கம் திரும்பினார்.

"மகள், இவங்க என்னால கெட்டுப்போன ஆள். சில்ல நான்தான் ஊட்டுக்குக் கொண்டு வந்த. விசாரணையில ஞாபகமில்ல என்டு பொய் சொன்ன. ஒண்ட வேலைக்காகத்தான் சொன்ன. நீ தெரிஞ்சிக்க."

மஹ்மூத் அழுதார். இராசமணி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பதினொரு வருஷம் இந்தச் சொல்லுக்குக் காத்திருந்த மனிதர் ஒருவர் இருந்தார். அதைத் தன் காதால் கேட்கவேண்டும் என்று சொன்னவர். அவர் வகுப்பறைத் தரையில் செத்து நாற்பத்தொரு நாளுக்கு மேல் ஆகிவிட்டது.

"தேத்தண்ணி குடியுங்கோ, பாஸ்" என்றாள்.

றலியா சும்மா இருக்கவில்லை. தகப்பனைக் கொண்டு எல்லாவற்றையும் எழுதுவித்துக் கையெழுத்து வாங்கி, தலைமைக் கந்தோருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினாள். ஏழு மாதம் கழித்து இராசமணியின் பெயருக்குப் பதில் வந்தது. குறிப்பிட்ட விசாரணைக் கோப்பு, பத்து வருஷம் கடந்தபடியால் விதிகளின்படி அழிக்கப்பட்டுவிட்டது. கோப்பு இல்லாதபடியால் தீர்ப்பை மீளாய்வு செய்ய வழியில்லை. தீர்ப்பு, தனிப்பட்ட பதிவில் தொடர்ந்தும் இருக்கும்.

சனிக்கிழமை றலியா வந்தபோது இராசமணி கடிதத்தை நீட்டினாள். றலியா இரண்டு தரம் வாசித்தாள். "இது அநியாயம். கொழும்புக்குப் பேத்துக் கதைப்போம், ஆன்ட்டி."

"வேண்டாம் பிள்ளை. இனி ஆரிட்டைக் காட்ட? வாப்பாட்டைச் சொல்லாதையும். எல்லாம் திருத்திப்போட்டினம் எண்டு சொல்லிவிடும். அந்தாளுக்கு நெஞ்சு வருத்தம்."

றலியா தகப்பனிடம் அப்படியே சொன்னாள்.

சில மாதம் கழித்து, கம்பளை பஸ் நிலையத்தில் யாரோ தங்கச்சி என்று உரக்கக் கூப்பிட்டார்கள். மஹ்மூத். வெள்ளைச் சாரம், புதுத் தொப்பி, கையில் பேரப்பிள்ளை. அவர் இவ்வளவு தெளிந்த முகத்தோடு இருந்து அவள் கண்டு வருஷக்கணக்கு.

"மகள் சொன்ன. எல்லாம் சரியாப் பேத்தாமே" என்றார். "அல்ஹம்துலில்லாஹ். இப்பதான் தங்கச்சி எனக்கு ஒழுங்கா நித்திர வார."

"ஓம், பாஸ்" என்றாள் இராசமணி.

அவர் பேரனின் பெயரைச் சொன்னார். அவனுக்கு மூன்று வயது, இப்போதே ஸ்குரூ டிரைவரைத் தூக்குகிறான் என்றார். வீட்டுக்கு வரவேண்டும், பஸீஹா தேடுகிறாள் என்றார். அவர் பேசிக்கொண்டே போனார். இராசமணி தலையாட்டிக் கேட்டுக்கொண்டு, தன் பஸ் வரும்வரை நின்றாள்.